புதுக்கோட்டை அருங்காட்சியகம்: செட்டிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு போய்வருவது எப்படி

விடுமுறை விட்டதும் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்டால் காரைக்குடிப் பக்கத்தில் வரும் பதில் தெரிந்ததுதான்: பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் கோட்டை. கொஞ்சம் வசதிப்பட்டால் சென்னை, அங்கே எழும்பூர் மியூசியம். இதற்கு நடுவில், காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஓர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1910-இல் சமஸ்தான காலத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் எழும்பூருக்கு அடுத்த பெரியது என்று இதைத்தான் சொல்வார்கள். விலங்கியல், தாவரவியல், நிலவியல் என்று இயற்கை வரலாற்றுக்கு வேண்டிய மூன்று பிரிவுகளும் உண்டு. சிலை, நாணயம், ஆயுதம் எல்லாம் கூடுதல் வரவு.

முதலில் புதுக்கோட்டை, பிறகு எழும்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் வளாகம் 16 ஏக்கருக்கு மேல், கட்டடங்களே பல. அருங்காட்சியகம் என்றால் என்னவென்று அறியாத ஏழு வயதுப் பிள்ளையை நேராக அங்கே கொண்டுபோய் விட்டால், முதல் அரை மணி நேரம் ஓடும், அடுத்த கால் மணி நேரம் தண்ணீர் கேட்கும், அப்புறம் தூக்கச் சொல்லும். திமிங்கல எலும்புக்கூட்டுக்கு முன்னால் நீங்கள் போய் நிற்கும்போது அது தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். புதுக்கோட்டையில் இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். பிடிக்கவில்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பிவிடலாம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எப்படி நிற்பது, எதைத் தேடுவது என்ற பழக்கம் இங்கே வந்துவிட வேண்டும்.

எந்த நாளில் போவது

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அலுவலகம் போகிறவர்களுக்கு லீவு கிடைப்பதும் அதே இரண்டாம் சனியன்றுதான். கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வருவார்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய விடுமுறைகளிலும் திறப்பதில்லை. மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா வகையிலும் தோது, அது முகூர்த்த நாளாக இல்லாவிட்டால். முகூர்த்த ஞாயிறு என்றால் காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழியில் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. கைக்குழந்தையோடு அன்று போகாதீர்கள். வாரநாளில் போனால் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும். நூறு பிள்ளைகள் வரிசையாக ஒரு கூடத்தைக் கடக்கக் கால் மணி நேரம் ஆகும். அவர்களோடு முண்டாமல் வேறு பிரிவுக்குப் போய்விட்டு அவர்கள் நகர்ந்ததும் திரும்பி வாருங்கள்.

கோடையில் 9.30-க்கே வாசலில் நிற்பது நல்லது. பதினொன்றரைக்கு மேல் வெக்கை ஏறிவிடும். வெக்கையில் பெரியவர்களுக்கே எதிலும் கவனம் நிற்காது.

போகும் வழி

காரைக்குடிப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் போகும் பேருந்துகள் நாள் முழுக்க உண்டு. திருமயம் வழியாக ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். எட்டு மணிக்கு ஏறினால் சரியாக இருக்கும். புதுக்கோட்டையில் இறங்கித் திருக்கோகர்ணத்துக்கு நகரப் பேருந்து அல்லது ஆட்டோ. ஆட்டோவில் ‘மியூசியம்’ என்று மட்டும் சொல்லாமல் ‘திருக்கோகர்ணம் மியூசியம்’ என்று சொல்லுங்கள். திருச்சி போகும் ரயில்களும் புதுக்கோட்டையில் நிற்கும். ரயிலில் போனால் நேரம் மிச்சம், பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். ஆனால் பகலில் ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, அப்பத்தா என்று வீட்டுப் பெரியவர்கள் கூட வந்தால் ஓர் ஏற்பாடு. திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயில் இருக்கிறது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம், குடைவரைக் கோயிலும்கூட. அருங்காட்சியகத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள். அதனால் ஏழு மணிப் பேருந்தில் ஏறி, கோயிலை முதலில் முடித்துக்கொண்டு, 9.30-க்கு அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். பெரியவர்களுக்கும் மனம் நிறைந்திருக்கும், உள்ளே அவசரப்படுத்த மாட்டார்கள்.

முதல் நாள் வீட்டிலேயே ஒரு சுற்று

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வளவு வீடு ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும், பாதி அருங்காட்சியகம் அதிலேயே இருக்கிறது. முதல் நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்கி நான்கு பொருட்களைக் காட்டுங்கள்.

ஒன்று, தேக்குத் தூண். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம். அடித்தூணில் வெட்டுமுகம் எங்காவது தெரிந்தால் ஆண்டு வளையத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் கல்லாகிப் போன மரத்துண்டில் அதே வளையத்தைத் தேடும்போது இது கைகொடுக்கும். இரண்டு, சுவர்ப் பூச்சு. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது. கிளிஞ்சல் ஒரு காலத்தில் உயிருள்ள பிராணியின் ஓடு என்று தெரிந்தால் சிப்பி, சங்கு வரிசையைப் பிள்ளைகள் தாண்டிப் போக மாட்டார்கள். மூன்று, தரையில் பளிங்கு. சுண்ணாம்புக்கல் பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியதுதான் அது. அந்தச் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி கடல் உயிர்களின் ஓடு. நான்கு, செம்பூராங்கல். ஊருணிப் படியிலோ பழைய மதிலிலோ கட்டாயம் கிடைக்கும். புழு அரித்தது போல் ஓட்டை ஓட்டையாக, துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். வெப்பமும் மழையும் மாறி மாறி அடித்துப் பாறையிலிருந்து மற்றதைக் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்ட மண் அது. வெட்டும்போது கோடாலிக்கே இடம் கொடுக்கும், காற்றுப்பட்டதும் இறுகிவிடும்.

கூடவே ஒரு பென்சில். அதன் கரி கிராஃபைட். சிவகங்கைப் பக்கம் அரசுக் கனிம நிறுவனமான டாமின் தோண்டி எடுப்பதும் அதையேதான். நிலவியல் கூடத்தில் கருகருவென்று மினுங்கும் ஒரு கட்டியைப் பார்த்துவிட்டு ‘இது நம்ம ஊர்க் கல்’ என்று பிள்ளை கத்தினால் வந்த வேலை முடிந்தது.

தூங்கப் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். அதற்கான விடையை அது கண்டுபிடித்து வர வேண்டும். ‘எந்த விலங்குக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை?’, ‘எந்தப் பறவையின் அலகை மூடினாலும் நடுவில் சந்து இருக்கும்?’, ‘யானையின் கண் மண்டையோட்டில் எங்கே இருக்கிறது?’ இப்படி. ஐந்தாறு கேள்விகளைத் தாளில் எழுதிக் கையில் திணித்தால் அது பரீட்சை ஆகிவிடும், பிள்ளை உங்களைத்தான் வெறுக்கும்.

பையில் வைக்க வேண்டியவை

ஆளுக்கொரு சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மை கசியும், கண்ணாடியில் கோடு விழும். தையல் இஞ்ச் டேப் ஒன்று. தண்ணீர் பாட்டில். மெல்லிய துண்டு. காலுக்கு நடக்கப் பழகிய செருப்பு. புதுச் செருப்பை அன்றைக்கு எடுக்கக் கூடாது. தின்பண்டம் சீப்புச் சீடையோ தேன்குழலோ இருக்கட்டும், ஆனால் கூடத்துக்குள் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். காவலர் தடுப்பது சும்மா அதிகாரத்துக்காக அல்ல. துணுக்கு விழுந்தால் எறும்பும் பூச்சியும் வரும்; பூச்சி வந்தால் பாடம் செய்த தோலையும் இறகையும் தின்னும் சின்ன வண்டுகளும் குடியேறும். நூறு வருடம் காப்பாற்றிய ஒரு பறவை ஒரே மழைக்காலத்தில் மொட்டையாகிவிடும்.

அதே காரணத்தால் சில கூடங்களில் அந்துருண்டை வாசனை இருக்கலாம். மூக்கு உறுத்தும் பிள்ளைகளை அங்கே நெடுநேரம் நிறுத்தாதீர்கள்.

உள்ளே: எதிலிருந்து தொடங்குவது

சீட்டு வாங்கும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று எந்தக் கூடமாவது பூட்டியிருக்கிறதா? செல்போனில் படம் எடுக்கலாமா, அதற்குத் தனிச் சீட்டா? கழிப்பறை எங்கே? மூன்றாவதைக் கேட்டதோடு விடாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கூடத்துக்கு நடுவில் ‘அவசரம்’ வந்தால் அந்தக் காலைப்பொழுது அதோடு சரி.

வாசலில் தொடங்கி வரிசையாகப் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். பிள்ளைகளின் தெம்பு முதல் 40 நிமிடத்துக்குத்தான். அந்த நேரத்தைச் சிலைகளில் செலவழித்துவிட்டு விலங்குக்கு வந்தால் மிச்சம் ஒன்றுமிருக்காது. நேராக விலங்கியல், அடுத்து நிலவியல், நடுவில் வெளியே வந்து நிழலில் பத்து நிமிடம், கடைசியில் நாணயமும் ஆயுதமும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் விலங்கியலோடு போதும்.

பாடம் செய்த விலங்கு முன் நின்றதும் வரும் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “இதுக்கு உயிர் இருக்கா?” சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “இல்ல ராசா, செத்துப்போச்சு. தோலும் முடியும் நிசம். கண்ணு கண்ணாடி. உள்ள கட்டையும் பஞ்சும்.” மூன்று, நான்கு வயதில் சில பிள்ளைகள் அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்துப் பயந்து அழும். அப்போது ‘ஒண்ணும் பண்ணாது, கிட்ட போ’ என்று இழுக்கவே கூடாது. பத்தடி தள்ளி நின்று, பக்கவாட்டில் வாலையும் காலையும் மட்டும் காட்டுங்கள். முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நிறத்தை நம்பாதீர்கள். வெளிச்சத்தில் பல ஆண்டுகள் நின்ற தோல் வெளுக்கும். ஃபார்மலினிலும் ஸ்பிரிட்டிலும் ஊறிய பாம்பும் மீனும் நிறம் இழந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஆகிவிடும். ‘வெள்ளைப் பாம்பு’ என்று பிள்ளை குறித்துக்கொண்டால் திருத்துங்கள். பாட்டிலில் பார்க்க வேண்டியது வடிவம்: தலை கழுத்தைவிட அகலமா, செதில் எப்படி, வால் எப்படிச் சிறுக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கும் அடுத்தடுத்து இருந்தால் ஒப்பிடுங்கள். ஆனால் இங்கே கற்றதை வைத்து வயலில் உயிருள்ள பாம்பை அடையாளம் காணப் போகக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். கூட வந்த பெரியவர் சாரையும் நல்ல பாம்பும் ஜோடி என்பார். இரண்டும் வேறு வேறு குடும்பம். பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பதாக நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு.

எலும்புக்கு வந்தால் பல்லிலிருந்து தொடங்குங்கள். பூனை, நாய் வகையில் கோரைப்பல் நீண்டிருக்கும், கடைவாய்ப்பல் கத்தரிபோல் வெட்டும். மேய்கிறவற்றுக்குக் கடைவாய் தட்டையாக இருக்கும். மாடு, மான் இரண்டுக்கும் மேல்தாடையில் முன்பல்லே கிடையாது; அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான். திரும்பி வந்து வீட்டு மாட்டின் வாயைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். யானை மண்டையோடு இருந்தால் நெற்றி நடுவில் உள்ள பெரிய ஓட்டையைப் பிள்ளைகள் கண் என்பார்கள். அது மூக்குத் துவாரம், தும்பிக்கை தொடங்கும் இடம். தும்பிக்கைக்குள் எலும்பு இல்லை, அதனால் மிஞ்சியது ஓட்டை மட்டும். கண் பக்கவாட்டில் சின்னதாக இருக்கும். தந்தம் யானையின் மேல் வெட்டுப்பல். கடைவாய்ப்பல்லோ ஆயுளில் ஆறு தடவை முளைக்கும். பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வந்து தேய்ந்து விழும். ஆறாவதும் தேய்ந்த கிழட்டு யானை மென்று தின்ன முடியாமலே சாகும்.

கொம்பு விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு நேரடி அனுபவம் உண்டு, சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்கள் அல்லவா. காளைக்கு உள்ளே எலும்புத் தண்டு, மேலே நகம் மாதிரியான உறை. விழாது, வளர்ந்துகொண்டே இருக்கும். புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு. விழுந்து மறுபடி முளைக்கும். கிளை விட்டிருந்தால் மான், விடாமல் வளைந்திருந்தால் மாடோ ஆடோ வெளிமானோ. வெளிமான் பெயரில்தான் மான், கொம்பு மாட்டு வகை. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் கொம்பு மாட்டிய எந்தச் சுவரைப் பார்த்தாலும் பிள்ளை நின்று பார்க்கும்.

தொடாதே என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்றும் சொல்லுங்கள். பழைய காலத்தில் பாடம் செய்யும்போது பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் கலந்த சோப்பைத் தோலின் உள்பக்கம் பூசுவது உலகெங்கும் வழக்கம். அது நஞ்சு. திறந்தவெளியில் நிற்கும் பழைய விலங்கைத் தடவிய கையோடு சீடை தின்னக் கூடாது.

அளவு எடுப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. இஞ்ச் டேப்பைக் காட்சிப்பொருள் மேல் வைக்காமல், கண்ணாடிக்கு வெளியே தரையில் நீட்டி நீளம் குறிக்கலாம். தப்படி போட்டு எண்ணலாம். படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழுந்து படமே வீணாகும். சற்றுச் சாய்வாக நின்று, கேமராவைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோனால் பிரதிபலிப்பு குறையும்.

கல்லும் கல்லான உயிரும்

நிலவியல் பெரும்பாலும் பெற்றோர் வேகமாகக் கடந்துவிடும் பகுதி. பெயர்ச்சீட்டைப் படித்துக்கொண்டே போனால் யாருக்குமே அலுக்கும். நேற்று வீட்டில் பார்த்த நான்கையும் இங்கே தேடச் சொல்லுங்கள், போதும்.

கல்மரமும் கடல் புதைபடிவமும் கிடைத்தால் மட்டும் நின்று விளக்குங்கள். மரம் மண்ணில் புதைந்து, தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா அதன் நுண்ணறைகளில் படிந்து, மரம் போய் வடிவம் மட்டும் கல்லாக நிற்பது கல்மரம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரம் அப்படிக் கிடக்கிறது. 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து அரியலூர் நிலமெல்லாம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின், ஆட்டுக்கடாக் கொம்பு போலச் சுருண்ட ஓடுகள் அங்கே அதனால்தான் கிடைக்கின்றன.

‘டைனோசர் எங்கே?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் காட்ட எலும்பு இல்லை, பொடிந்து போய்விட்டது. எலும்பு கிடைத்தால் மட்டும் ஆகாது, காப்பாற்றவும் வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி கிடையாது.

கடைசியாக நாணயப் பக்கம் போனால் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசைத் தேடுங்கள். விரல் நுனி அளவுச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்ற தெலுங்கு எழுத்து. காலையில் கோயிலுக்குப் போன பிள்ளைக்கு அது யாரென்று தெரியும்.

கவனம் கலையும் இடங்கள்

பெயர்ச்சீட்டைப் பெரியவர் உரக்கப் படித்து, பிள்ளை தலையாட்டுவது நம் ஊர் வழக்கம். அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் பிள்ளை பார்க்கட்டும், ‘இது என்ன தின்னும், எங்கே இருந்திருக்கும்’ என்று ஊகிக்கட்டும், பிறகு சீட்டைப் படியுங்கள். ஊகம் தப்பாகப் போனாலும் சிரிக்காதீர்கள்.

இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கம் இழுத்தால் ஆளுக்கொரு பெரியவர் பிரிந்து போவதுதான் வழி. பெரிய குடும்பமாகப் பதினைந்து பேர் போனால் மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஒரே கூட்டமாக நின்றால் பின்னால் நிற்கும் சின்னதுகளுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் காட்சி. சாய்ந்து கண்ணாடியைத் தட்டுவது, செல்போனில் பாட்டு ஓடவிடுவது இரண்டுக்கும் காவலர் வரும் முன் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

பிள்ளை ‘போதும்’ என்றால் போதும்தான். மிச்சம் இருக்கிறதே, சீட்டு வாங்கியாயிற்றே என்று இழுத்துப் போனால் அடுத்த தடவை வர மறுக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு நகருக்குள் வந்துவிடுங்கள். அசைவம் உண்போர் புதுக்கோட்டையின் முட்டை மாஸ் கேட்டுச் சாப்பிடலாம். திரும்பும் வழியில் திருமயம் கோட்டையைச் சேர்ப்பதானால் நான்கு மணிக்கு மேல்தான் ஏற வேண்டும். உச்சிவெயிலில் அந்தப் பாறை காலைப் பொசுக்கிவிடும்.

உயிருள்ள பாதி: வேட்டங்குடி

பெட்டிக்குள் பார்த்த பறவையை உயிரோடு பார்க்காவிட்டால் பாடம் பாதியில் நிற்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு நாள், திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டியில் உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். 1977-இல் அறிவிக்கப்பட்டது. பறவைகள் மிரளக் கூடாதென்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. காலை ஏழு மணிக்கு முன்னாலோ மாலை நாலரைக்கு மேலோ போனால்தான் கூட்டம் கூட்டமாகத் தெரியும். நத்தை குத்தி நாரையின் அலகுச் சந்தையும், கரண்டிவாயனின் தட்டை நுனியையும், அரிவாள் மூக்கனின் வளைவையும் அங்கே பார்த்துவிட்டு, எது எதைத் தின்னும் என்று கேளுங்கள். சந்துள்ள அலகு நத்தைக்கு. தட்டை அலகு தண்ணீரைத் துழாவ. வளைந்தது சேற்றைக் குத்த. ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் நல்லது. சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம்.

அடுத்தது எழும்பூர்

இதற்குப் பிறகு சென்னைக்குப் போங்கள். 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கி, 1854-இல் எழும்பூருக்கு வந்தது அந்த அருங்காட்சியகம். அவர் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார். வண்டலூர்ப் பூங்காவின் பூர்வீகம் அதுதான்.

வெள்ளி விடுமுறை இங்கேயும் உண்டு. மூன்று நாள் லீவு என்று வியாழன் இரவு ரயிலேறினால் வெள்ளி காலை பூட்டிய கதவு. வெள்ளி இரவு ஏறிச் சனி காலை போவது சரி. எழும்பூருக்கு இரண்டாம் சனி தடையில்லை. இரவு ரயில் விடிகாலையில் கொண்டுபோய் விடும், திறப்பதோ 9.30-க்கு. அதனால் குளித்து, சாப்பிட்டு, அரைத்தூக்கம் போட ஓர் அறையோ உறவினர் வீடோ ஏற்பாடு செய்யாமல் போனால் பிள்ளைகள் துவண்டுவிடும். பல்லவன் எக்ஸ்பிரஸ் காலையில் காரைக்குடியில் புறப்பட்டு நண்பகலை ஒட்டித்தான் சேரும். அன்றே அருங்காட்சியகம் என்று திட்டமிடாதீர்கள். டிக்கெட்டில் கடைசி நிலையம் எழும்பூரா தாம்பரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம் என்றால் மின்சார ரயிலில் எழும்பூர் வந்துவிடலாம். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு ஆட்டோ சில நிமிடம்தான்.

கேமராச் சீட்டு நுழைவுச்சீட்டைவிடப் பல மடங்கு. தேவையா என்று யோசித்து வாங்குங்கள். புதுப்பிப்பு வேலைக்காகச் சில கூடங்கள் அடிக்கடி மூடிக் கிடக்கும் என்பதால் திமிங்கலமும் யானையும் இருக்கும் விலங்கியல் பகுதி திறந்திருக்கிறதா என்று சீட்டு வாங்கும் முன்பே கேளுங்கள். திறந்ததும் நேராக அங்கே போய், திமிங்கலத்தைத் தலையிலிருந்து வால்வரை தப்படியால் அளக்கச் சொல்லுங்கள். பிறகு துடுப்புக்குள் விரல் எலும்புகளைத் தேடச் சொல்லுங்கள்; மீனுக்கு விரல் ஏது? அதைக் கண்டுபிடித்த பிள்ளைக்குத் திமிங்கலம் பாலூட்டி என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டாம். அடுத்து மர நிழலில் ஓய்வு, அதன்பின் சிறுவர் அருங்காட்சியகம். அங்கே நிற்கும் டைனோசர்கள் செய்த பொம்மைகள் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘நிசமா?’ என்பதிலேயே நேரம் போகும். செப்புத் திருமேனிகளைப் பெரியவர்கள் பார்க்க விரும்பினால் ஒருவர் பிள்ளைகளோடு வெளியே இருக்க, மாற்றி மாற்றிப் போய்வாருங்கள்.

பல்லவனில் திரும்புவதானால் அது பிற்பகலில் புறப்படும் வண்டி. ஒரு மணிக்கு வளாகத்தை விட்டு வெளியே வந்து, சாப்பிட்டு, ரயிலுக்குத் தண்ணீரும் இரவுக்கு இட்லியும் வாங்கிக்கொள்ளுங்கள். காரைக்குடி வந்துசேர இரவு பத்து மணிக்கு மேல் ஆகும்.